தருமமும் வரிச்சலுகையும்

தருமம் செய்கிறவன் மறுமைக்குப் புண்ணியம் சேர்க்கிறான் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். இப்பொழுது அவன் இம்மையிலேயே வருமான வரியையும் குறைத்துக் கொள்ளுகிறான். இதில் நமக்கென்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். அப்படிக் குறைகிற பணம் பொதுமக்கள் பணமேயாகும்.

கணக்கைப் பாருங்கள். 1961ஆம் வருஷத்துச் சட்டத்தில் 80ஜி என்று பெயர்பெற்று, 2025ஆம் வருஷத்துப் புதிய சட்டத்திலும் தொடரும் பிரிவு ஒன்றுண்டு. திண்டுக்கல்லில் பழைய வரி முறைப்படி 30 சதவிகிதம் வரி கட்டும் ஒரு தோல் வியாபாரி, அப்பிரிவின் அனுமதி பெற்ற ஸ்தாபனத்துக்கு ரூ. 1,00,000 காசோலை கொடுக்கிறார் என்று வைத்துக் கொள்ளுவோம். அதில் பாதி, அதாவது ரூ. 50,000, அவருடைய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். செஸ் உள்பட அவருக்கு வரியில் ரூ. 15,600 மிச்சம். ஆகவே அவர் கைப்பணம் ரூ. 84,400தான், பாக்கி சர்க்கார் கஜானாவுடையது. கல்வெட்டிலோ அவர் பெயர் மட்டுமே இருக்கும்!

இனி ஏழையின் தருமத்தைப் பாருங்கள். பூட்டுப் பட்டறைக் கூலிக்காரர் பழனிக்கு நடந்துபோய் உண்டியலில் போடுகிற ரூபாய்க்கு ரசீதும் இல்லை, சலுகையும் இல்லை. சமபந்திச் சாப்பாட்டுக்குக் கிராமத்து அம்மாள் ஒருவர் ஒரு மூட்டை அரிசி கொடுத்தால் அதுவும் சேராது. பணமாய்க் கொடுத்தால்தான் சட்டம் ஒப்புக் கொள்ளும், ரொக்கம் ரூ. 2,000க்கு மேற்பட்டால் அதையும் ஒப்பாது. “அவர்களுக்கு வருமான வரியே இல்லையே” என்பீர்கள். சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் அவர்கள் வரி கட்டித்தான் வருகிறார்கள். தருமம் செய்தாய் என்று அதில் ஒரு காசு யாரும் கழித்துக் கொடுப்பதில்லை. புதிய வரி முறையில் உள்ள சம்பளக்காரருக்கும் இச்சலுகை கிடையாது.

நிற்க. சட்டத்தில் நல்ல அம்சமே இல்லையென்று சொல்ல வரவில்லை. குறிப்பிட்ட ஒரு மதத்தாருக்கோ ஜாதியாருக்கோ மட்டும் என்று ஏற்பட்ட ஸ்தாபனத்துக்கு அனுமதி இல்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்காக நடப்பவை இத்தடையில் சேரா. இது முற்றிலும் நியாயமே.

ஆனால் முன்வாசலை அடைத்த அதே பிரிவு கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. புராதனச் சிறப்போ, ஒரு மாநிலம் முழுவதும் பிரசித்தியோ உடையதென்று மத்திய சர்க்கார் அறிவித்த கோயில், மசூதி, சர்ச், குருத்வாரா ஆகியவற்றைப் புதுப்பிக்கவோ பழுதுபார்க்கவோ கொடுத்தாலும் பாதித் தொகைக்குச் சலுகை உண்டு. 2020 மே மாதத்தில் அயோத்தி ராமர் கோயில் அறக்கட்டளை இப்படி அறிவிக்கப்பட்டது. சட்டம் சொல்லுவதோ பழுதுபார்ப்பது. அங்கு நடந்ததோ புதுக் கட்டிடம்!

கோபுரத்துக்குக் கொடுக்கிறவர் தம் முழுப் பணத்தைக் கொடுக்கட்டும். அது அவர் இஷ்டம். கடவுள் இல்லையென்கிறவனும் வேறு கடவுளைக் கும்பிடுகிறவனும் அதில் பங்கு போட வேண்டுமென்பது என்ன நியாயம்? பழைய சிற்பங்களைக் காக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். அதைச் சர்க்காரே நேராகச் செலவழித்து, கணக்கும் காட்டட்டும்.

ஆதலால் தோழர்களே, நாம் கேட்பது இரண்டே. வழிபாட்டு இடங்களுக்குள்ள இச்சலுகையை எடுத்துவிட வேண்டும். மற்றச் சலுகை பெறும் ஸ்தாபனம் ஒவ்வொன்றும் வருஷந்தோறும் தன் வரவு செலவைத் தமிழில் எழுதி, ஊரார் படிக்கும்படி வாசலில் ஒட்ட வேண்டும். பணத்தில் பங்குள்ளவனுக்குக் கணக்குக் கேட்கவும் உரிமை உண்டு. கேட்கத் தொடங்குங்கள்.