களிமண் புறாவும் நிலாவெளிப் புறாவும்

கனடாவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் நிலாவெளிக் கடற்கரையில் என்னோடு அமர்ந்திருந்தார். எதிரே, ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில், புறாத்தீவு. குடும்பத்தவர்கள் படகேறி அங்கே பவளப்பாறை பார்க்கச் சென்றிருந்தனர். அவர் கேட்டார்:

“அண்ணை, பாரமில்லாத செமி ஓட்டோ சொட்கன் ஒண்டு வாங்கப்போறன். தாரா சுடவும் வேணும், கிளே சுடவும் வேணும். ரெண்டுக்கும் சரிவாற மாதிரி ஒண்டு சொல்லுங்கோ. மார்கழியில திரும்பி வரேக்க இஞ்சையும் இறக்கக்கண்டிப் பக்கம் ஒருக்காப் போய் வருவம். ஆரிட்டையாவது ஒரு துவக்கு எடுக்கலாம்தானே?”

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது எங்கள் உறவினர்களின் நம்பிக்கை. அன்று அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன். அவரைப் போலக் கேட்பவர்கள் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வேறு பலர் இருக்கின்றனர் என்பதை நான் அறிவேன்.

முதலில் துவக்கு. ‘இரண்டுக்கும் ஒன்று’ என்பது கடைக்காரரின் மொழி. துவக்கின் மொழி அதுவன்று.

ஒரே தோட்டாவைச் சுடும்போது பின்னுதைப்பின் ஆற்றல், துவக்கின் எடை குறையக் குறையக் கூடும். 3.6 கிலோ எடையுள்ள துவக்கை விட்டு 2.7 கிலோ துவக்கை எடுத்தால், தோளில் விழும் உதை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வயல் வரம்பிலும் சதுப்பிலும் நாள் முழுதும் நடந்து, நான்கைந்து முறை மட்டுமே சுடுகிறவருக்கு இது ஒரு பொருட்டன்று. கையில் சுமக்கும் பாரமே அவருடைய கவலை. களிமண் தட்டுச் சுடுபவரின் நிலை வேறு. ஒரு சுற்று என்பது 25 தட்டுகள். நான்கு சுற்றுகள் சுட்டால் நூறு உதைகள். மூன்றாவது சுற்றிலேயே தோள் நோகும். நோவுக்கு அஞ்சிக் கண் இமைக்கும். விசையை அழுத்தும் விரல் தயங்கும். அதன்பின் தட்டு உடையாது. மேலும், பாரமான துவக்கு சுழற்றத் தொடங்கினால் சீராகச் சுழன்றுகொண்டே இருக்கும். இலேசானது பாதியில் நின்றுவிடும். சன்னமோ தட்டுக்குப் பின்னால் போகும்.

அரைத் தானியங்கியின் வரலாறே இந்த உதையைத் தணிக்கும் வரலாறுதான். ஜோன் பிரவுணிங் 1900இல் காப்புரிமை பெற்று, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை 1902 முதல் தயாரித்த ‘ஓட்டோ 5’, குழலே பின்னோக்கி ஓடி அடுத்த தோட்டாவை ஏற்றும் அமைப்புடையது. 1963இல் வெளிவந்த ரெமிங்ரன் 1100, வெடிவாயுவின் ஒரு பகுதியைத் திருப்பி அந்த வேலையைச் செய்வித்தது. உதை ஒரே அடியாக விழாமல் சற்று நீண்ட நேரத்துக்குப் பரவியது. இத்தாலியின் பெனெல்லி, சடத்துவ விசையால் இயங்கும் எளிய பொறியைக் கொண்டுவந்தது. அது இலேசானது, கரி படியாதது. ஆனால் வாயுப் பொறியை விட உதைக்கும். ஆகவே, நடப்பவருக்கு இலேசான சடத்துவப் பொறி. களத்தில் நின்று நூறு தட்டுச் சுடுபவருக்குப் பாரமான வாயுப் பொறி, அல்லது மேலும் கீழுமாகக் குழல் அமைந்த இரட்டைக் குழல் துவக்கு. எதை வாங்கினாலும் அடிக்கட்டை உங்கள் கைக்கும் கன்னத்துக்கும் அளவாக இருக்க வேண்டும். ஆயிரம் டொலர் கூடக் கொடுத்து வாங்கும் பெயரை விட அந்த அளவு பெரிது. வாயுப் பொறியை ஒழுங்காகத் துடைக்கவும் வேண்டும்.

ஆக, “எந்தத் துவக்கு?” என்ற கேள்விக்கு முன்னால், “எதைச் சுட?” என்ற கேள்வி நிற்கிறது. என் உறவினர் அதைத் தாண்டிக் குதித்துவிட்டார். என் வழக்கும் அங்கேதான் தொடங்குகிறது.

களிமண் தட்டை ஆங்கிலேயர் ‘களிமண் புறா’ என்றே அழைக்கிறார்கள். காரணம், அது உயிருள்ள புறாவின் இடத்துக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீமான்கள் பெட்டியில் அடைத்த புறாவைக் கயிறிழுத்துப் பறக்கவிட்டுச் சுட்டுப் பழகினர். இன்றைய ‘ட்ராப்’ போட்டியின் பெயர் அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிர்ப் புறாச் சுடும் போட்டியே நடந்தது. ஏறத்தாழ முந்நூறு பறவைகள் மடிந்தன. பெல்ஜியத்தின் லெயோன் டி லுண்டன் 21 பறவைகளை வீழ்த்தி வென்றார். அந்தக் காட்சி மறுபடி ஒலிம்பிக்கில் நிகழவில்லை.

அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே மாற்று வந்துவிட்டது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஜோர்ஜ் லிகவ்ஸ்கி 1880இல் களிமண் தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதே சின்சினாட்டியின் விலங்குக் காட்சிச்சாலையில் 1914 செப்ரெம்பர் 1ஆம் திகதி மார்த்தா என்ற புறா இறந்தது. வானத்தை மறைத்துப் பறந்ததாகச் சொல்லப்பட்ட பயணப் புறா இனத்தின் கடைசிப் பறவை அது. அந்த இனத்தை அழித்ததில் பெரும்பங்கு சந்தைக்குச் சுட்டவர்களுக்கும் காடழித்தவர்களுக்கும் உண்டு. ஆயினும் விளையாட்டுக்காகப் பெட்டியில் அடைக்கப்பட்ட பயணப் புறாக்களும் ஆயிரக்கணக்கில். மாற்று கையில் இருந்தும் மனம் மாறப் பிந்திவிட்டது.

இனி எங்கள் புறாவுக்கு வருவோம். புறாத்தீவுக்கு அப்பெயரைத் தந்தது மாடப்புறா. நகரத்துக் கூரைகளில் சோறு பொறுக்கும் வளர்ப்புப் புறாவின் காட்டு மூதாதை அது. இலங்கையில் அது காட்டுப் பறவையாகக் கூடு கட்டும் மிகச் சில இடங்களில் இத்தீவின் பாறைகள் ஒன்று. பிரித்தானியர் ஆட்சியில் இதே தீவு சுடும் பயிற்சிக் களமாகப் பயன்படுத்தப்பட்டது. 1963இல், மேலே சொன்ன ரெமிங்ரன் சந்தைக்கு வந்த அதே ஆண்டில், தீவு சரணாலயமாக்கப்பட்டது. 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. தேசியப் பூங்காவினுள் சுடுவது மட்டுமன்று, துவக்கைக் கொண்டுசெல்வதே குற்றம்.

“தீவில் இல்லை அண்ணை, களப்பில்தானே” என்றார் அவர். களப்பிலும் இல்லை. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1993இல் திருத்தப்பட்டபோது, பட்டியலிட்டு விலக்கப்பட்ட சில இனங்கள் தவிர ஏனைய காட்டுப் பறவைகள் யாவும் பாதுகாப்புப் பெற்றன. சைபீரியப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து மாரி காலத்தில் எங்கள் களப்புகளில் இறங்கும் சிறகித் தாராக்களும் அதில் அடக்கம். “ஆரிட்டையாவது ஒரு துவக்கு” எடுப்பதும் முடியாது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது. இரவல் கொடுக்கும் குடையன்று. தற்காப்புக்கென அனுமதி பெற்ற துவக்குகளையே 2024 நவம்பரில் மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னது பாதுகாப்பு அமைச்சு. விமானமேறிக் கனடாவுக்குப் போய்விடக்கூடியவர் தப்பலாம். துவக்கைக் கொடுத்த ஊர்ப் பெடியன் நீதிமன்றப் படியேறுவான்.

இதற்கு மூன்று மறுப்புகள் வழக்கமாக வரும். மூன்றுக்கும் பதில் சொல்லவேண்டியது என் கடமை.

முதலாவது: “எங்கட அப்பு, பெரியப்பு எல்லாரும் சுட்டவைதானே?” ஆம், சுட்டார்கள். என் பெரியப்பாவிடம் இங்கிலாந்தில் செய்த இரட்டைக் குழல் துவக்கு ஒன்று இருந்தது. பன்னிரண்டு போர். கும்புறுப்பிட்டி வயல்வெளியில் மாரி காலத்து விடியற்காலையில் அவருக்குப் பின்னால் பன்பையோடு நடந்தவன் நான். கறியில் பல்லிடுக்கில் கடிபட்ட ஈயச் சன்னம் இப்போதும் நினைவிருக்கிறது. அதைவிட நினைவிருப்பது கண்ணாப் பற்றைக்குள் விழுந்த ஒரு தாரா. சிறகு முறிந்திருந்தது. இருட்டும்வரை அது எழுப்பிய ஒலி கேட்டது; சேற்றில் இறங்கி எடுக்க முடியவில்லை. பெரியப்பா அன்று சாப்பிடாமல் படுத்தார். மறு வாரமும் சுடப் போனார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவர் காலத்தில் களப்பைச் சுற்றி விடுதிகள் இல்லை, உப்பளமும் வீதியும் குடியேற்றமும் இந்த அளவுக்கு நெருக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் ஓரிரவு வந்து கேட்டவர்கள் அத்துவக்கைக் கொண்டுபோனார்கள். அதன்பின் எங்களூரில் ‘போர்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது.

இரண்டாவது: “பயிரைக் காக்க வேண்டாமா?” வேண்டும். மயிலும் குரங்கும் செய்யும் அழிவு கற்பனையன்று. 2025 மார்ச் 15ஆம் திகதி அரசாங்கமே நாடளாவிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தும் அளவுக்கு அது முற்றியிருக்கிறது. அது உழவனின் வழக்கு, உழவனே வாதாடட்டும். விடுமுறைக்கு வந்தவர் அவ்வழக்கில் கட்சிக்காரராக நுழைவது முறையன்று. களப்பில் மிதக்கும் தாரா எவருடைய வயலையும் அவர் பெயரில் அழிக்கவில்லை.

மூன்றாவதுதான் வலுவானது: “கனடாவில் சட்டப்படி சுடுகிறோமே, வேட்டைக்காரரின் காசில்தானே அங்கே சதுப்புநிலம் வாழ்கிறது?” உண்மை. அமெரிக்காவில் 1934 முதல் தாரா வேட்டைக்காரர் வாங்கும் முத்திரைப் பணம் சதுப்பு நிலங்களைக் காத்திருக்கிறது. இலங்கையிலும் 1894இல் வேட்டை விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தவர்கள் வேட்டைக்காரர்களே. இன்றைய வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதன் வழிவந்தது. ஆனால் அங்கே அந்த வேட்டையைத் தாங்கி நிற்பவை எவை? ஆண்டுதோறும் பறவைக் கணக்கு, பருவ எல்லை, ஒருவருக்கு இத்தனை என்ற வரம்பு, துவக்கில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்ற முடியாதபடி அடைப்பு. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னத்தை அமெரிக்கா 1991இலும், புலம்பெயர் வேட்டைப் பறவைகளுக்குக் கனடா 1999இலும் தடுத்தன. சதுப்பு நிலங்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடுத்தது. காரணம் எளிது. 28 கிராம் தோட்டா ஒன்றில், சன்னம் பொடியதானால் நூற்றுக்கணக்கில் இருக்கும். பறவையில் தைப்பவை சில. மிச்சமெல்லாம் சேற்றில் விழும். அரைவைக்குக் கல் விழுங்கும் தாரா ஈயத்தை விழுங்கிச் சாகும். இந்த ஏற்பாடுகளில் எது இறக்கக்கண்டியில் இருக்கிறது? அங்கே ஒழுங்கோடு சுடுகிறவரை நான் குறைசொல்லவில்லை. அங்கே ஒழுங்கோடு இருப்பவர், இங்கே இறங்கியதும் அதைச் சுங்கத்தில் விட்டுவிட்டு வருவதையே குறைசொல்கிறேன்.

குறிபார்க்கும் கலையில் இகழ்ச்சி ஏதுமில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வென்றது களிமண் தட்டை உடைத்துத்தான். புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் போட்டியில் நின்றார். உயிர்ப் புறாக்கள் வீழ்ந்த அதே நகரத்தின் ஒலிம்பிக்கில், நூற்றிருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னர், ஒரு தமிழர் களிமண் புறாவுக்குக் குறிவைத்தார். முதற்கட்டத்தில் 125 தட்டுகள். கண், தோள், மூச்சு அனைத்தும் ஒன்றாக நிற்கவேண்டிய கடுமையான விளையாட்டு அது. தவறினால் தட்டு முழுதாக விழும். எதுவும் சேற்றுக்குள் கிடந்து இரவெல்லாம் கத்தாது.

ஆகவே என் உறவினருக்கு என் பதில் இது. தம்பி, பாரமில்லாத துவக்கை மறந்துவிடுங்கள். மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத ஒன்றை, உங்கள் தோளுக்கு அளவெடுத்து வாங்குங்கள். நல்ல கழகமொன்றில் சேர்ந்து, நூறு தட்டுக்குத் தொண்ணூறு உடைக்கும்வரை பழகுங்கள். கனடாவில் தாரா சுடுவதா என்பதை உங்கள் சட்டமும் மனச்சாட்சியும் தீர்மானிக்கட்டும். மார்கழியில் இங்கே வாருங்கள். இறக்கக்கண்டிக்கு நானே கூட்டிச் செல்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு ஆயத்தமாக இருக்கவேண்டும். நல்ல தொலைநோக்கி ஒன்று கொண்டுவாருங்கள். என்னுடையது பழையது, இடதுபக்கக் கண்ணாடியில் பூஞ்சணம்.

இதையெல்லாம் சுருக்கி அன்று சொன்னபோது அவர் நெடுநேரம் தீவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு “பாப்பம் அண்ணை” என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு ‘ஆம்’ என்றும் பொருள், ‘இல்லை’ என்றும் பொருள். மார்கழியில் தெரியும்.