வௌவால் வந்தால் வியாதி வருமா?

ஒரகடத்திலிருந்து ஓர் இளம் தாய் எழுதியிருக்கிறார்: “எங்க காலனிக்குப் பின்னாடி ஒரு பெரிய அரசமரம். பொழுது சாஞ்சா வௌவால் கூட்டம் கூட்டமாக் கிளம்புது. நிபா காய்ச்சல் வந்துடும், மரத்தையே வெட்டிடணும்னு அக்கம்பக்கத்துல பேசிக்கிறாங்க. வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்குப் போயிடறார். கைக்குழந்தையை வச்சுக்கிட்டுப் பயமா இருக்கு.”

சகோதரியின் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. நிபா வைரஸ் குடியிருப்பது பழந்தின்னி வௌவால்களிடம்தான். 1998-99இல் மலேசியாவில் பன்றிகள் வழியாக மனிதர்களைத் தாக்கி நூறு பேருக்கு மேல் பலி வாங்கியது. 2018 மே மாதம் பக்கத்துக் கேரளத்தில், கோழிக்கோட்டில் தலைகாட்டியது. அதன் பிறகும் அங்கே பலமுறை வந்திருக்கிறது.

வைரஸைச் சுமக்கும் வௌவால் மட்டும் நோயில் விழுவதில்லையே, ஏன்? நம் உடம்பில் கிருமி புகுந்த பிறகுதான் காவல்காரன் விழித்துக் கொள்கிறான். சிலவகை வௌவால்களிடம் அவன் எப்போதும் விழித்தே இருக்கிறான். அதோடு, கிருமியைக் கண்டு பதறித் தன் உடம்பையே புண்ணாக்கிக் கொள்ளாத நிதானமும் அவற்றுக்கு உண்டு. பல காய்ச்சல்களில் நம்மைச் சாய்ப்பது இந்தப் பதற்றம்தான்.

இவ்வளவு பலமான காவலும் ஓய்ந்து போகும் நேரம் உண்டு. குளிர்நாட்டு வௌவால்கள் பனிக்காலம் முழுவதும் குகைகளில் உறங்கும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் துடிக்கும் இதயம் இருபது தடவை அளவுக்கு அடங்கிவிடும். உடம்பு குகையைப் போலவே சில்லிட்டுவிடும். எதிர்ப்புச் சக்தியும் கூடவே தூங்கிவிடும். 2006இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில், உறங்கும் வௌவால்களின் மூக்கில் வெள்ளைப் பூஞ்சணம் காணப்பட்டது. குளிரில் மட்டுமே வளரும் அந்தப் பூஞ்சணம் தோலை அரிக்க, வௌவால்கள் அடிக்கடி விழித்துக் கொண்டன. விழிக்கும்போதெல்லாம் சேமித்த கொழுப்பு கரைந்தது. வெளியே தின்னப் பூச்சியும் இல்லை. இப்படிப் பட்டினியில் மடிந்தவை லட்சக்கணக்கில்!

நம் ஊர் வெயிலில் அந்தப் பூஞ்சணம் பிழைக்காது. நம் வௌவால்கள் மாதக்கணக்கில் உறங்குவதுமில்லை. ஆனால் பட்டினி எங்கேயும் பட்டினிதானே? ஆஸ்திரேலியாவில் நிபாவின் உறவான ஹெண்ட்ரா என்ற வைரஸ், வௌவாலிடமிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றுகிறது. 25 ஆண்டுத் தகவல்களை ஆராய்ந்து 2022இல் விஞ்ஞானிகள் ஒன்றைச் சொன்னார்கள்: காடு அழிந்து, பூவும் பழமும் கிடைக்காத காலங்களில்தான் வௌவால்கள் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து பண்ணைப் பக்கம் வந்தன, நோயும் பரவியது. காட்டு மரங்கள் நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் நோய் தாண்டவில்லை.

ஆகவே அரசமரத்தை வெட்டினால் வௌவால் மறைந்துவிடாது. பசியோடு உங்கள் கொல்லைக் கொய்யாவைத் தேடித்தான் வரும். நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் விச்சந்தாங்கல் என்ற கிராமத்தில், மரத்து வௌவால்கள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் பாசத்தினால் செய்வது ஆரோக்கியத்துக்கும் ஏற்றதுதான்.

மரம் இருக்கட்டும். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை இவை:

1. “வௌவால் கடிச்ச பழம்தான் தித்திப்பு” என்று பாட்டிமார் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். கடிபட்ட பழத்தைக் கழுவினாலும் போதாது, குப்பையில் போடுங்கள். கீழே விழுந்த பழத்தைக் குழந்தைகள் பொறுக்க விடாதீர்கள். நல்ல பழத்தையும் கழுவி, தோல் சீவிக் கொடுங்கள்.

2. கிணறு, தண்ணீர்த் தொட்டி இவற்றை மூடி வையுங்கள். மூடாத கலயத்தில் இறக்கிய பதநீரைக் குழந்தைக்குப் பச்சையாகத் தராதீர்கள். வங்கதேசத்தில் பச்சை ஈச்சஞ்சாறு வழியாகவே பலருக்கு நிபா வந்தது.

3. விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

4. ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி நல்லது என்பார்கள். ஆதாரம் கிடையாது. பிடிப்பதிலும் அறுப்பதிலும்தான் ஆபத்து.

5. ஜுரத்தோடு மயக்கம், பிதற்றல், வலிப்பு என்று எது வந்தாலும் கைவைத்தியம் செய்து காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒரகடத்துச் சகோதரியே, மரத்தில் தொங்கும் வௌவாலால் உங்கள் குழந்தைக்கு ஒன்றும் வராது. அதன் வாய் பட்ட பழமும் பானமும் வீட்டுக்குள் வராமல் பார்த்துக் கொள்ளுங்கள். மரத்தை வெட்ட ஆள் வந்தால், மேலே சொன்ன விஷயத்தை அக்கம்பக்கத்தாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.