‘மாத்திரையே இல்லாமல் எலும்பை உறுதியாக்கலாம்’... சரி, யாருக்கு?

மூன்று வருடங்களுக்கு முன்பு, வேறொரு தளத்தில் வேலை பார்த்தபோது ஒரு கட்டுரை எழுதினேன். ‘எலும்புத் தேய்மானமா? மாத்திரையே வேண்டாம்... இந்த 5 உணவுகள் போதும்!’ என்று தலைப்பு. எழுத ஆன நேரம் நாற்பது நிமிடம். நன்றாக ஓடியது. அதோடு மறந்தும் போனேன்.

போன வருடம் அம்மா, கொல்லையில் துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டில் முறிவு. வயது 57. நின்ற இடத்தில் இருந்து விழுந்ததற்கே எலும்பு உடைகிறது என்றால் அடர்த்தியைப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் டெக்ஸா ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். முதுகெலும்பின் ‘டி ஸ்கோர்’ மைனஸ் 2.9 என்று வந்தது. வாரத்துக்கு ஒரு மாத்திரை என்றார்கள். ஆறு வாரம் கழித்து ஊருக்குப் போனால், மாத்திரை அட்டை ஃப்ரிட்ஜ் மேலே அப்படியே இருக்கிறது. ஒன்றுகூட பிரிக்கவில்லை.

“ஏம்மா போடலை?”

“எதுக்கு? கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறேன், பிரண்டைத் துவையல் அரைக்கிறேன். மாத்திரையே வேண்டாம்னு நீதானடி எழுதியிருந்தே?”

அந்த லிங்கை அம்மா பத்திரமாக வைத்திருந்தார். குடும்ப குரூப்பிலும் போட்டிருந்தார். இரண்டு சித்திகள் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள்.

இந்தக் கட்டுரை அதற்கான திருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய உணவுகள் எல்லாமே நல்ல உணவுகள்தான். தப்பு, அதை யாரிடம் சொன்னேன் என்பதில் இருக்கிறது. மருந்து இல்லாமல் எலும்பைப் பார்த்துக்கொள்ளக்கூடிய வயதில் இருப்பவர்கள் நானும் இதைப் படிக்கும் நீங்களும். நாம் எதுவும் செய்வதில்லை. ஏற்கெனவே எலும்பு உடைந்த அம்மாக்களுக்கு ‘மருந்தே வேண்டாம்’ என்று ஃபார்வர்டு செய்கிறோம்.

முதலில், எது தேய்மானம்?

‘தேய்மானம்’ என்ற வார்த்தையே நம்மைக் குழப்புகிறது. முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை என்பதெல்லாம் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். அது மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு சம்பந்தப்பட்டது. ஆஸ்டியோபோரோசிஸ் எனும் எலும்புப்புரை வேறு. எலும்பின் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற அமைப்பு மெலிந்து, ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். வலிக்காது. உடைகிற வரை தெரியாது.

எலும்பு கல் மாதிரி அப்படியே இருக்கும் பொருள் இல்லை. பழையதைக் கரைக்கவும் புதியதைக் கட்டவும் தனித்தனி செல்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 30 வயது வரை கட்டுவது அதிகம், கரைவது குறைவு. அதன் பிறகு கணக்கு மெல்லத் திரும்புகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கரைக்கிற வேலை வேகமெடுக்கும். அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் 20 சதவீதம் வரை எலும்பு அடர்த்தி போய்விடலாம்.

டி ஸ்கோர் என்பது ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு உங்கள் எலும்பை ஒப்பிடும் எண். மைனஸ் 1-க்கு மேல் இருந்தால் இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் அடர்த்தி குறைவு. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. உலக சுகாதார அமைப்பு 1994-ல் வகுத்த அளவுகோல் இது. (மருந்துக்கடை வாசலில் குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்க்கும் ‘இலவச முகாம்’ இதற்குச் சமம் இல்லை. அதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது.)

“அந்தக் காலத்துப் பாட்டிகளுக்கு இதெல்லாம் இருந்துச்சா?” என்று கேட்பவர்கள் உண்டு. வடை சுட்ட பாட்டியை நம் பாடப்புத்தகங்களில் எப்படி வரைவார்கள்? கூன் போட்டுத்தான். நாம் வயதின் அடையாளம் என்று நினைத்த அந்தக் கூனில் பாதிக்கதை, முதுகெலும்பின் கட்டைகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் நசுங்கியது. பாட்டிகளுக்கும் இருந்தது. யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கேழ்வரகும் பிரண்டையும் என்ன செய்யும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200.

நம் சமையலறையிலேயே கணக்குப் போடலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம். கஞ்சிக்கு 50 கிராம் மாவு போட்டால் 180 வரும். 400 மில்லி பால், காபியில் ஊற்றுவதையும் சேர்த்து, 480. ஒரு கிண்ணம் தயிர் 200. இரண்டு ஸ்பூன் எள்ளுப்பொடி தூவினால் நூறைத் தாண்டும். ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். முருங்கைக்கீரைப் பொரியலோ முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்திலியோ சேர்ந்தால் மீதியும் சரியாகிவிடும். ஆக, உணவிலேயே கால்சியம் கிடைக்கும் என்று நான் எழுதியது பொய் இல்லை.

ஆனால் கால்சியம் என்பது செங்கல். வீட்டு வாசலில் லாரி லாரியாக இறக்கினாலும் கொத்தனார் வராமல் சுவர் எழும்பாது. ஏற்கெனவே மைனஸ் 2.9-ல் இருக்கும் ஒருவருக்கு, கஞ்சி அந்தச் சுவரைத் திரும்பக் கட்டித் தராது.

பிரண்டையும் அப்படித்தான். நம் சித்த மருத்துவத்தில் எலும்புக்கு என்றே பேர் வாங்கிய கொடி. எலிகளில் செய்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள். ‘பிரண்டை சாப்பிட்டால் எலும்பு முறிவு குறையும்’ என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு அவை பெரியவை இல்லை. துவையல் நன்றாக இருக்கும், சாப்பிடுங்கள். மாத்திரைக்குப் பதில் என்று சாப்பிடாதீர்கள்.

உணவில் நாம் கவனிக்காத இன்னொன்று புரதம். எலும்பின் கட்டமைப்பிலேயே புரதம் இருக்கிறது. எலும்பைத் தாங்கும் தசைக்கும் அதுதான் வேண்டும். அம்மாவின் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் இரண்டு இட்லி, அதுவும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்தால் உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிற ஊர் நம்முடையது. எலும்பு வேகமாகச் சேரும் வயதில் உளுந்து, நல்லெண்ணெய், கருப்பட்டி என்று கொடுத்தது நல்ல யோசனைதான். அந்த அக்கறை பதினாறு நாளோடு முடிந்துபோனதுதான் கஷ்டம்.

வைட்டமின் டி பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரை மணி வாக்கிங்கில் அது பெரிதாகக் கிடைக்காது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் வேலை செய்யும். குறைபாடு இருந்தால் மாத்திரை அவசியம். ஆனால் குறைபாடு பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் 25,871 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவு: தினமும் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் எலும்பு முறிவில் வித்தியாசம் இல்லை. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்தபோது விழுவதும் உடைவதும் அதிகமானது. ‘60 ஆயிரம்’ சாஷேவை டாக்டர் சொன்ன வாரக்கணக்கைத் தாண்டி, தானாக வாங்கிக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

கொத்தனார் யார்?

பளு. எலும்பின் மீது விழும் எடைதான். விண்வெளியில் எடையே இல்லாமல் மிதக்கும் வீரர்களுக்கு, இடுப்பு போன்ற எடை தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை அடர்த்தி குறைகிறது. டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்ற கையைவிடத் தடிமனாக இருக்கும். எங்கே சுமை விழுகிறதோ அங்கே உடல் கட்டும். 1892-லேயே ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் எழுதிவைத்த விதி இது.

அப்படியானால் வாக்கிங் போதாதா? இதயத்துக்கும் மனசுக்கும் நல்லது. எலும்புக்கு அது பழகிய எடை, அதனால் பெரிய பலன் இல்லை. நீச்சலும் சைக்கிளும் இந்த விஷயத்தில் இன்னும் கீழே.

ஆஸ்திரேலியாவில் நடந்த ‘லிஃப்ட்மோர்’ ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதைத் தாண்டிய 101 பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கனமான எடை தூக்கக் கற்றுக்கொடுத்தார்கள். டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் எடை தூக்குவது, குதித்து இறங்குவது. எட்டு மாதத்தில் இவர்களின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. மருந்தில்லா வழிகளில் எனக்குத் தெரிந்து உருப்படியான ஆதாரம் உள்ளது இதற்குத்தான். நான் எழுதிய ஐந்தில் இது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அந்த ஆய்வு அடர்த்தியைத்தான் அளந்தது. முறிவு குறைந்ததா என்று சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வு இல்லை. இரண்டு, யூடியூப் பார்த்து அம்மாவை டெட்லிஃப்ட் செய்ய வைக்காதீர்கள். யோகாவிலும் கவனம் தேவை. முதுகெலும்பு மெலிந்தவர்கள் முன்னால் மடங்கிக் காலைத் தொடும் ஆசனங்களைச் செய்தால் எலும்புக் கட்டைகள் நசுங்க வாய்ப்பு உண்டு. 1984-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் 59 பெண்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், முன்னால் மடங்கும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிய நசுங்கல் ஏற்பட்டது. முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் அது 16 சதவீதம்தான்.

அப்போ மாத்திரை?

அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது அலெண்ட்ரோனேட். எலும்பைக் கரைக்கும் செல்களின் வேகத்தைக் குறைக்கும் மருந்து. முதுகெலும்பில் ஏற்கெனவே முறிவு ஏற்பட்ட 2,027 பெண்களிடம் நடந்து 1996-ல் வெளியான ஆய்வில், இந்த மருந்து எடுத்தவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இடுப்பு எலும்பை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? வயதானவர்களில் அது உடைந்தால், ஐந்தில் ஒருவர் வரை ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். பிழைப்பவர்களில் பலர் பழையபடி தனியாக நடப்பதில்லை.

‘தாடை எலும்பு அழுகும்’ என்ற வீடியோ அம்மாவுக்கும் வந்திருந்தது. அந்தப் பக்கவிளைவு உண்மை. ஆனால் பெரும்பாலும், புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை மிக அதிக அளவில் ஊசியாக எடுப்பவர்களிடம் காணப்படுவது. எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் மிக அரிது. பல் பிடுங்கும் வேலை ஏதாவது இருந்தால் முதலிலேயே முடித்துவிடச் சொல்வார்கள். வருடக்கணக்கில் எடுத்தால் தொடை எலும்பில் அரிதாக ஒருவகை முறிவு வரலாம் என்பதால், சுமார் ஐந்து வருடம் ஆனதும் தொடரலாமா, இடைவெளி விடலாமா என்று டாக்டர் பார்ப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி எடுப்பவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் எலும்பு இழப்பு திடீரென எகிறி, முதுகெலும்பு முறிவுகள் வரலாம்.

மருந்தைத் தள்ளிப்போடக்கூடியவர்களும் இருக்கிறார்கள். முறிவு இல்லை, டி ஸ்கோர் மைனஸ் 1.5, ஸ்டீராய்டு எடுக்கவில்லை, தைராய்டு பிரச்சினை இல்லை என்றால், அடுத்த பத்து வருடத்துக்கான முறிவு அபாயத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, உடற்பயிற்சியும் உணவும் போதும் என்று டாக்டரே சொல்லலாம்.

என் கோபம் டாக்டர் மீதும் உண்டு. இதில் எதையும் அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். ஏன் போட வேண்டும் என்று யாரும் சொல்லாத இடத்தில், ஏன் போட வேண்டாம் என்று என் கட்டுரை விலாவாரியாகச் சொன்னது. அம்மா எதை நம்புவார்?

நமக்கு என்ன?

எனக்கு 28. ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து வேலை. ஏசி, பகல் வெயிலே படாத வாழ்க்கை. இந்த வயதில் சேர்த்ததைத்தான் 55-க்குப் பிறகு எடுத்துச் செலவழிக்கப் போகிறோம், பி.எஃப். மாதிரி. ஜிம்முக்குப் போகும் பெண்கள் டிரெட்மில்லோடு நிற்காமல் எடை தூக்கும் பக்கமும் வரலாம். முடியாதவர்களுக்கு ஸ்கிப்பிங் கயிறு இருக்கிறது. பட்டினி டயட் இருந்து தொடர்ந்து மூன்று மாதம் பீரியட்ஸ் வரவில்லை என்றால், அது எடை குறைந்த சந்தோஷம் இல்லை. எலும்பு கரைகிறது என்ற செய்தி. டாக்டரைப் பாருங்கள். பையன்களே, சிகரெட்டும் குடியும் உங்கள் எலும்பையும் சேர்த்துத்தான் தின்னும்.

வீட்டில் செய்த முதல் வேலை, கொல்லையில் பாசியைத் தேய்த்துக் கழுவியது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, நடையில் ஒரு பல்பு. உடைவதற்கு முன்னால் விழ வேண்டும், இல்லையா?

மாத்திரையை அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை போடுகிறார். வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. அதன் பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் குடிக்கக் கூடாது. அம்மாவின் ஒரே புகார் இந்தக் காபிதான். அந்த அரை மணி நேரத்தைக் கடத்த எனக்கு போன் செய்கிறார். போன வாரம் கேட்ட முதல் கேள்வி: “நான் போட்டாச்சு. நீ எடை தூக்கப் போறேன்னு சொன்னியே, போனியா?”

நான் இன்னும் படுக்கையில்தான் இருந்தேன்.