பரணில் கிடக்கும் மடிக்கணினிக்கு எந்த விண்டோ மேனேஜர்?



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான்: "ஐயா, பழைய லேப்டாப்புல லினக்ஸ் போட்டுட்டேன். எந்த விண்டோ மேனேஜர் லேசா இருக்கும்?" உடனே ஏழெட்டுப் பதில்கள். எல்லாமே எது எத்தனை எம்.பி. நினைவகம் தின்னும் என்ற கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தப் பக்கமே வராத சித்தப்பா, அத்தைமார்களுக்காக. திரையில் திறக்கும் சாளரங்களுக்கு மேல்பட்டை போடுவது, நகர்த்துவது, எது முன்னால் எது பின்னால் என்று வைப்பது, இதை மட்டும் செய்கிற சின்ன நிரல்தான் விண்டோ மேனேஜர். வகுப்புத் தலைவன் மாதிரி. க்னோம், கே.டி.இ. எல்லாம் முழுப் பள்ளிக்கூடம். அலுவலகம், மணி, சத்துணவுக்கூடம் உட்பட. 2 ஜி.பி. நினைவகம் உள்ள கணினியில் பள்ளிக்கூடத்தையே ஏற்றினால் அதற்கு மூச்சு வாங்கும்.

எங்கள் வீட்டில் இருப்பது, மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய திட்டம். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போனதே இல்லை. பரணில் கிடந்ததை ஓய்வு பெற்றபின் இறக்கி, டெபியனும் எக்ஸ்.எஃப்.சி.இ.யும் போட்டேன். என் துணைவியார் அதில்தான் மகளிர் குழுக் கணக்கை எழுதுவார், மகளோடு முகம் பார்த்துப் பேசுவார். மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் ஓடியது.

எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. எல்லாரும் புகழ்கிறார்களே என்று ஐ3 போட்டேன். சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல், தரையில் ஓடு பதித்ததுபோலத் தாமே அடுக்கிக்கொள்ளும். எல்லாம் விசைப்பலகையில்தான். பத்து நாளில் கைவந்துவிட்டது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

துணைவியார் கணினியைத் திறந்தார். "என்னங்க, ஒண்ணுமே வரலையே, கெட்டுப்போச்சா?" என்றார். ஐ3-இன் முதல் திரை அப்படித்தான், கீழே ஒரு பட்டை தவிர வெறுமை. விசைகளைத் தாளில் எழுதி ஒட்டினேன். சாளரத்தைக் கீழே இறக்கி வைக்கும் பொத்தான் எங்கே என்று கேட்டார். அது அதில் கிடையாது. மூன்று நாள் முயன்றுவிட்டுப் பேசாமல் நோட்டில் கணக்கு எழுதத் தொடங்கிவிட்டார். நான் ஒரு மாதம் கவனிக்கவே இல்லை. கவனித்தபோதும், ஆர்வம் குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று சொன்ன சக ஆசிரியர்களோடு காலமெல்லாம் சண்டை போட்டவன் நான்!

இப்போது எங்கள் கணினியில் ஐஸ் டபிள்யூ.எம். இருக்கிறது. 1997 முதல் இருந்துவரும் பழைய சரக்கு. பார்க்கக் கொஞ்சம் பழைய விண்டோஸ் மாதிரிதான் இருக்கும். ஆனால் கீழே பணிப்பட்டை, ஓரத்தில் மெனு, கடிகாரம் எல்லாம் அதிலேயே உண்டு. ஓப்பன்பாக்ஸும் நல்லதுதான், ஆனால் பட்டையைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும், 2015-க்குப் பிறகு புதிய பதிப்பும் இல்லை. டி.டபிள்யூ.எம்.மில் எழுத்தளவை மாற்றவே மூல நிரலைத் திருத்தித் தொகுக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகள் அதைத் திறந்து பாருங்கள், நல்ல பாடம். அம்மாவின் கணினியில் போடாதீர்கள்.

எம்.பி. கணக்குக்கு வருகிறேன். இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் சில எம்.பி., மிஞ்சினால் பத்து இருபது. பிரவுசரில் ஒரு யூடியூப் பக்கத்தைத் திறந்தால் அதைப்போலப் பல மடங்கு போய்விடும். அந்தப் பத்து எம்.பி.க்காக ஒரு ஆளைக் கணினியை விட்டே விரட்டுவது என்ன சிக்கனம்?

ஒன்று மட்டும் எச்சரிக்கை. வெறும் விண்டோ மேனேஜர் போட்டால், முழுப் பள்ளிக்கூடம் செய்துவந்த சில்லறை வேலைகள் நம் தலையில் விழும். வைஃபை படம் தானாக வராது. தொடுபலகையைத் தட்டினால் கிளிக் ஆகாமல் போகலாம். தமிழ்99 தட்டச்சுக்கான ஐபஸ் தானாக எழும்பாது. ஐஸ் டபிள்யூ.எம். கோப்புறையில் 'ஸ்டார்ட்அப்' என்றொரு கோப்பு உருவாக்கி, இவற்றை வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். அந்தக் கோப்புக்கு இயங்கும் அனுமதியும் தர வேண்டும். அதை மறந்து இரண்டு மாலைகளை வீணாக்கினேன். தீம் மாற்றும்போது, மூடும் பொத்தான் பெரிதாக உள்ளதாகப் பாருங்கள். அறுபது வயதுக் கண்ணுக்கு அழகைவிட அது முக்கியம்.

வேலண்ட் பற்றிச் சொல்லவில்லையே என்று ஒருவன் வருவான், தெரியும். ராஸ்பெரி பை 2024-இல் லேப்டபிள்யூசிக்கு மாறிவிட்டது, நாமும் ஒருநாள் மாறத்தான் வேண்டியிருக்கும். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. உங்கள் வீடுகளிலும் பரண் ஏறிய மடிக்கணினிகள் இருக்கும். பழைய இரும்புக்குப் போடுமுன் எனக்கு ஒரு போன் போடுங்கள். யார் உட்கார்ந்து பயன்படுத்தப் போகிறார்கள் என்பதைக் கேட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள். நேற்று மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேர் எங்கள் கணினியைப் பார்க்க வந்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்தது நான் இல்லை, அவர்தான்.