பர்மிங்காம் நகரசபைத் தலைவருக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய பர்மிங்காம் நகரசபைத் தலைவர் அவர்களுக்கு,

தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம் இங்கிலீஷ் இலக்கணம் போதித்து ஓய்வு பெற்றவன், தங்கள் ஊர்த் தெருப் பலகைகளைப் பற்றித் தங்களுக்கு மடல் வரைவதும், அதைத் தாங்கள் அறியாத பாஷையில் வரைவதும் விநோதமாகத் தோன்றலாம். ஆனால் தங்கள் ஊருக்கும் எனக்கும் பழைய பந்தம் ஒன்று உண்டு. நான் எழுத்துப் பழகிய காலத்தில், கட்டைப் பேனாவில் செருகி மைக்கூட்டில் தோய்த்து எழுதிய எஃகு நிப்பு பர்மிங்காம் சரக்கு என்று எங்கள் வாத்தியார் ஏதோ தம் சொந்த ஊரைச் சொல்வதுபோலச் சொல்லுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் எழுதிய எழுத்தில் பெரும்பகுதி தங்கள் ஊர்ப் பட்டறைகளில் அடித்த நிப்புகளால் எழுதப்பட்டது என்பதையும், அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே பாஸ்கர்வில் என்னும் மகா அச்சுக்கலைஞர் 1757-ல் வர்ஜிலின் காவியங்களை அங்கே அழகுற அச்சிட்டார் என்பதையும் பின்னால் அறிந்தேன். இப்படி எழுத்துக்கே கருவி செய்து கொடுத்த ஊர், 2009-ஆம் வருஷம், தெருப் பலகைகளில் இனி அப்பாஸ்ட்ரபி வேண்டியதில்லை என்று தீர்மானமாக அறிவித்த சமாசாரத்தைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு உண்டான வருத்தம் இன்றும் ஆறவில்லை.

இங்கிலீஷில் பிறர் செய்யும் பிழைகளைக் கண்டு முகம் சுளிப்பது என் தொழிலோடு ஒட்டிப் பிறந்த வியாதி. எண்ணக்கூடியதற்கும் அளக்கக்கூடியதற்கும் ஒரே 'லெஸ்' என்பார்கள். 'குட் ஹாவ்' என்பதைக் காதில் விழுந்தபடியே 'குட் ஆஃப்' என்று எழுதுவார்கள். இவற்றையெல்லாம் முதுமையின் தயவால் மன்னித்துவிட்டேன். ஆனால் எழுத்தின் தோளுக்கு மேல் தொங்கும் அந்தச் சின்னஞ்சிறு கொக்கியின் விஷயத்தில் மட்டும் மனம் இளகவில்லை. அது பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சுக்கூடங்களின் வழக்கத்தைப் பின்பற்றி இங்கிலீஷுக்குள் வந்தது. முதலில் ஓர் எழுத்து கெட்டது என்று காட்டும் அடையாளமாக நின்றது. பழைய இங்கிலீஷின் வேற்றுமை உருபில் இருந்த எகரம் தேய்ந்துபோனபின், அந்த இடத்தைக் காத்துக்கொண்டு உடைமைக் குறியாகவும் ஆயிற்று. போன எழுத்துக்கு நட்ட நடுகல் என்றே என் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். 'இட்ஸ்' என்னும் சொல்லில் அது எப்போது வரும், எப்போது வராது என்பதை விளக்கியே என் தொண்டைத் தண்ணீர் பாதி வற்றியது.

தங்கள் சபையார் அன்று சொன்ன காரணங்களுள் ஒன்று, அரசருக்கு இன்று கிங்ஸ் ஹீத் என்னும் பகுதியில் நிலம் ஏதும் இல்லாதபோது உடைமைக் குறி எதற்கு என்பது. எங்கள் இலக்கணிகள் இந்த வாதத்தைக் கேட்டிருந்தால் நகைத்திருப்பார்கள். ஆறாம் வேற்றுமையின் பொருளை அவர்கள் உடைமை என்று மட்டும் சொல்லி விடவில்லை. கிழமை என்று அகலமாக வைத்து, சாத்தனது கை என்பதுபோலப் பிரிக்க முடியாத உறவைத் தற்கிழமை என்றும், சாத்தனது வீடு என்பதுபோலப் பிரியக்கூடியதைப் பிறிதின்கிழமை என்றும் வகுத்தார்கள். பெயரோடு ஊருக்கு உள்ள உறவு பட்டாவினால் உண்டாவதன்று. பட்டா ரத்தானாலும் பெயர் நிற்கிறது. 'நீங்கள் மட்டும் உருபை மறைத்து "அரசன் கோயில்" என்று எழுதுவதில்லையா?' என்று தாங்கள் கேட்கலாம். எழுதுகிறோம். ஆனால் மறைத்ததை மறைத்ததாக ஒப்புக்கொண்டு, வேற்றுமைத்தொகை என்று அதற்கு ஒரு பெயரும் சூட்டியிருக்கிறோம். உருபில் பாதியை விழுங்கிவிட்டு, மிச்சமுள்ள 'ஸ்' என்னும் எழுத்தை அநாதையாகப் பலகையில் நிறுத்தி வைக்கவில்லை.

இன்னொரு காரணம் சௌகரியம்: குறியால் ஜனங்களுக்குக் குழப்பம், வழிகாட்டும் யந்திரங்களுக்குச் சங்கடம், பலகைகளைத் திருத்தச் செலவு. இதைக் கேட்டதும் எங்கள் வீட்டுச் சரித்திரமே நினைவுக்கு வந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடவேண்டும், எகர ஒகரக் குறில்களுக்கும் இடவேண்டும் என்பது தொல்காப்பியக் காலத்து விதி. ஆனால் பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று அஞ்சி ஏடெழுதினோர் அதை விட்டுவிட்டார்கள். கருவிக்குச் சௌகரியம், எழுதுகிறவனுக்கும் அப்போது ஒரு கஷ்டமுமில்லை, அவனுக்குத்தான் பொருள் தெரியுமே! கஷ்டமெல்லாம் பின்னால் வந்தவர்களுக்கு. மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா, காலா ரகரமா என்று ஒவ்வோர் எழுத்தையும் ஊகித்து ஊகித்தே, மகாமகோபாத்தியாய சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887-ல் அச்சேற்ற வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் என்று நாங்கள் கொண்டாடும் இத்தாலியப் பாதிரியார் பெஸ்கி, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எகர ஏகார பேதத்தை எழுத்தின் வடிவில் சீர்செய்தார் என்று சொல்லுவார்கள். ஒரு புள்ளியை விடுவதற்கு ஒரு கணம் போதும். அதனால் வந்த குழப்பத்தைத் தீர்ப்பதற்கு எங்களுக்குக் கடல் கடந்து ஒரு முனிவர் வரவேண்டியிருந்தது.

அப்பாஸ்ட்ரபியின் பரம வைரியான பெர்னார்ட் ஷா, 'டோன்ட்', 'வோன்ட்' முதலிய சொற்களில் அதை இரக்கமின்றிக் களைந்தவர், எடுத்துவிட்டால் வேறொரு சொல்லாகிவிடும் என்ற இடங்களில் மட்டும் விட்டு வைத்தார் என்பதையும் இங்கே நினைப்பூட்டுகிறேன். பகைவனுக்கும் இருந்த விவேகம் அது. லண்டன் சுரங்க ரயிலில் எர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் குறி உண்டு, பக்கத்துப் பாரன்ஸ் கோர்ட்டில் இல்லை. இந்தத் தாறுமாறையாவது சகித்துக்கொள்ளலாம், பாதிக்குப் பாதி சரியாக இருக்கிறதே! லிங்கன்ஷையர் பக்கம் ஒரு முதியவர், பத்திரிகையில் பிழைதிருத்திப் பழகியவர், 2001-ல் இந்தக் குறியைக் காக்கவென்றே ஒரு சங்கம் நிறுவி, 2019-ல் தமது தொண்ணூற்றாறாம் வயதில், அறியாமையும் சோம்பலும் ஜயித்துவிட்டன என்று சொல்லி அதைக் கலைத்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் காப்பி ருசிக்கவில்லை.

தாங்கள் உதிர்த்த குறிகள் வீணாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவையெல்லாம் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளிலும் தையல் கடைகளிலும் வந்து குடியேறியிருக்கின்றன. 'மீல்ஸ் ரெடி' என்ற பலகையில் ஸகரத்துக்கு முன்னால் ஒன்று, 'லேடீஸ் டெய்லர்' என்பதில் எழுத்துகளுக்கு நடுவே ஒன்று என்று, அழைக்காத விருந்தாளிகளாக உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் கடைக்காரருக்கு இங்கிலீஷ் இரவல் பாஷை. தங்களுக்கு அப்படிச் சொல்ல வழியில்லை.

ஆகையால் என் விண்ணப்பம் மிகச் சிறியது. ட்ரூயிட்ஸ் ஹீத் என்று தங்கள் நகரின் தெற்கே ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பெயரில் உள்ள பழங்காலப் பூசாரி உண்மையில் அங்கே இருந்தாரோ இல்லையோ, இருந்ததாகப் பெயர் சொல்கிறது. ஆனால் அவர் ஒருவரா, பலரா என்பதைப் பலகை சொல்ல மறுக்கிறது. ஒருவராயின் குறி ஸகரத்துக்கு முன்னால் வரவேண்டும், பலராயின் பின்னால். அடுத்தமுறை அந்தப் பலகைக்கு வர்ணம் அடிக்க உத்தரவாகும்போது, சபையைக் கூட்டி இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து, வர்ணக்காரரிடம் தூரிகை நுனியால் ஒரே ஒரு துளி வைக்கச் சொல்ல வேண்டுமென்று மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் ஊர் நிப்பால் எழுதப் பழகிய ஓர் இங்கிலீஷ் வாத்தியார்