கோடுகளும் நம் வீட்டுப் பெரியவர்களும்

நவீன ஓவியம் பற்றிய பேச்சு நம் இல்லங்களில் எழும்போதெல்லாம் அது ஒரு சிரிப்பில் தொடங்கி ஒரு பெருமூச்சில் முடிந்துபோகிறது. சிரிப்பவர் தந்தையார், பெருமூச்சு விடுவது மகனோ மகளோ. "இதை என் பேரன் ஐந்து நிமிடத்தில் கிறுக்கிவிடுவானே" என்பது தந்தையாரின் வாதம். "வாப்பாவுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது" என்பது பிள்ளைகளின் தீர்ப்பு. இவ்விரண்டையும் நாம் மறுக்கிறோம். இரண்டாவதைச் சற்று வன்மையாகவே மறுக்கிறோம். கல்லூரியில் நான்கு அயல்நாட்டுப் பெயர்களைக் கற்று வந்து, தம்மைப் படிக்க வைத்தவரின் கண்ணைக் குருட்டுக் கண் என்று சொல்பவர்க்கு ஓவியம் புரிந்துவிட்டது என்று நம்ப நாம் ஆயத்தமாயில்லை.

தந்தையரின் பக்கமுள்ள நியாயத்தை முதற்கண் ஒப்புக்கொண்டுவிடுவோம். இத்தாலியக் கலைஞர் மௌரீட்சியோ கட்டெலான் 2019ஆம் ஆண்டில் ஒரு வாழைப்பழத்தை ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி, அதற்குக் 'கொமீடியன்' என்று பெயருமிட்டு, அமெரிக்க நாட்டு மயாமி நகரில் காட்சிக்கு வைத்தார். அதன் படி ஒன்று 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில், கட்டணங்கள் உட்பட, 62 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. வாங்கிய செல்வர் சில நாள்களில் அந்தப் பழத்தைப் பலர் முன்னிலையில் உரித்துத் தின்றார். நாள் முழுதும் கடையில் நின்று காசு சேர்த்த ஒருவர் இச்செய்தியைப் படித்துச் சிரிக்காமல் வேறென்ன செய்வார்? நாமும்தான் சிரித்தோம். ஆனால் நாம் சிரித்தது சந்தையை நோக்கி. காயலிலும் கீழக்கரையிலும் முத்து வணிகம் செய்த நம் முன்னோர், முத்தின் விலை ஏறி இறங்கியதைக் கொண்டு முத்தின் ஒளியை அளந்தார்களா என்ன? விலைச் சீட்டைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை ஓவியத்தின் மீதும் ஏற்றிவிடுவது கணக்கறிந்த வியாபாரிக்கு அழகன்று.

அடுத்து வருவது, "இதற்கு என்ன பொருள்?" என்னும் வினா. வேறு எவர் வாயிலிருந்து வந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். நம் சமுதாயத்தார் வாயிலிருந்து வருவதே நமக்கு வியப்பு. பத்தமடையில் நம் பெண்மக்கள் தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கீறி, நூலினும் மெல்லியதாக்கி நெய்கின்ற பாயின் கரையில் ஓடுகிற கட்டங்களுக்கு என்ன பொருள்? எவரேனும் கேட்டதுண்டா? கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்களைச் சென்று காணுங்கள். தமிழ்நாட்டுச் சிற்பியின் உளிதான் அங்கும் ஓடியிருக்கிறது. ஆயினும் உருவங்கள் இருக்க வேண்டிய இடங்களில் பூவும் கொடியும் வடிவக் கணக்குமே இருக்கின்றன. அவற்றைத் தடவிப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்கிறோமே தவிர, பொருள் கேட்டு நிற்பதில்லை.

எழுத்தை எடுத்துக்கொள்வோம். பத்தாம் நூற்றாண்டுப் பக்தாதில் வஸீராயிருந்த இப்னு முக்லா, எழுதுகோலின் முனை பதிக்கும் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு அரபு எழுத்துகளின் விகிதங்களை வகுத்தார். அலிஃபின் உயரத்தை விட்டமாகக் கொண்ட வட்டத்துள் ஏனைய எழுத்துகள் எங்ஙனம் அடங்கவேண்டும் என்பதெல்லாம் அங்கே கணக்கு. (அரசியற் பகையால் அந்த மேதையின் வலக்கை வெட்டப்பட்டது என்பது நம் வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று.) மதரஸாவில் பிள்ளைகள் பலகையில் 'நூன்' எழுதிப் பழகுவதை நாம் முப்பதாண்டுகளாகப் பார்த்து வருகிறோம். ஒருவன் எழுதிய வளைவு உயிரோடிருக்கிறது, மற்றவன் எழுதியது செத்துக் கிடக்கிறது என்பதை அரபு எழுத்தே அறியாத தந்தையரும் சுட்டிக்காட்டக் கண்டிருக்கிறோம். எந்தப் பொருளைக் கண்டு சுட்டினார்கள்? அவர்கள் கண்டது வளைவை. அதன் இறுக்கத்தையும் தளர்வையும். நவீன ஓவியர் நம்மிடம் கேட்பதும் இதனினும் அதிகமன்று.

"மார்க்கமே ஓவியத்தைத் தடுக்கிறதே" என்று இவ்விடத்தில் ஒருவர் எழுந்து நிற்பார். உயிருள்ளவற்றின் உருவம் குறித்து மார்க்க அறிஞரிடையே நெடிய ஆய்வும் கருத்து வேற்றுமையும் உண்டு. அதை இங்கே விரிக்கப் போவதில்லை. ஆனால் படம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியிலேயே பதிவாகியிருக்கிறது. நம் நிலையோ தலைகீழாயிருக்கிறது. கூடத்துச் சுவரில் பெரியப்பாவின் வண்ணப்படத்தைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு, அதன் கீழே அமர்ந்து, "அச்சு அசல் முகம் போலல்லவா ஓவியம் இருக்க வேண்டும்" என்று வாதிடுகிறோம். வெறுங் கோடுகளால் ஆன ஓவியத்தை மார்க்கத்தின் பெயரால் எதிர்ப்பவர் எதை எதிர்க்கிறார் என்பது நமக்கு விளங்கவில்லை.

"மேனாட்டுச் சரக்கு" என்னும் ஏச்சும் நிற்காது. ஹென்றி மத்தீஸ் 1910இல் மியூனிக் நகரில் நடந்த இஸ்லாமியக் கலைப் பொருட்காட்சிக்குப் பயணம் செய்தார். பின்னர் மொரோக்கோவிலும் தங்கி வரைந்தார். பால் கிளீ 1914இல் துனீசியாவுக்கும், அங்குள்ள கைரவான் நகருக்கும் சென்று, நிறத்தைத் தாம் கண்டுகொண்டது அங்கேதான் என்று எழுதிவைத்தார். நம் கம்பளத்தையும் ஓடுகளையும் கண்டு அவர்கள் கற்றார்கள். நாமோ அவற்றின் மீது நடந்துகொண்டே, அவர்கள் கற்றதைப் பார்த்து நகைக்கிறோம்.

ஆயினும் ஐயுறும் தந்தையாரிடம் மத்தீஸிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே நம் கருத்து. நஸ்ரீன் முஹம்மதியிலிருந்து தொடங்கலாம். 1937இல் கராச்சியில் பிறந்து, மும்பையில் வளர்ந்து, இலண்டனிலும் பாரிஸிலும் பயின்று, 1972 முதல் பரோடாவில் ஆசிரியையாயிருந்து, 1990இல் மறைந்த பெண்மணி அவர். தாளும் பென்சிலும் மையும் கட்டடக் கலைஞர் பயன்படுத்தும் வரைகருவிகளுமே அவருடைய ஆயுதங்கள். உருவம் இல்லை, பெரும்பாலான படங்களில் வண்ணமும் இல்லை. நெசவுப் பாவினைப் போல் நெருங்கி ஓடும் கோடுகள், ஓரிடத்தில் சற்றே விலகும். ஓரிடத்தில் மெலிந்து காற்றாகிவிடும். பிற்காலத்தில் நரம்பு நோய் உடலை அடக்கிய பின்னும் அந்தக் கோடு நடுங்கவில்லை. ஐந்து நிமிடத்தில் கிறுக்குவானே அந்தப் பேரன், அவனிடம் தாளையும் அளவுகோலையும் கொடுத்து, மயிரிழை இடைவெளியில் ஐம்பது கோடுகளை மட்டும் போடச் சொல்லுங்கள். பாட்டனார் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

அடுத்து ஸரீனா ஹாஷ்மி. அவரும் 1937இல் பிறந்தவரே; அலிகரில் வரலாற்றுப் பேராசிரியரின் மகள்; கணிதம் பயின்றவர். குடும்பம் 1959இல் பாகிஸ்தான் சென்றது. அவரோ ஊர் ஊராய் உலகம் சுற்றி நியூயார்க்கில் தங்கினார். 2020இல் இலண்டனில் மறைந்தார். வீடு என்பதே அந்நிய இடம் என்னும் பொருள்பட அவர் 1999இல் படைத்த வரிசையில் 36 மரச்செதுக்கு அச்சுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல், அதனோடு சில கோடுகள்: வாசற்படி, கதவு, முற்றம், தொலைவு. 2001இல் ஒரு தாளின் குறுக்கே முறிந்து முறிந்து ஓடும் கரிய கோடு ஒன்றை மட்டும் அச்சிட்டார். இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த எல்லைக்கோடு அது. ரங்கூனில் கடை வைத்திருந்து, 1964இல் அந்நாட்டரசு கடைகளை நாட்டுடைமையாக்கியதும் வெறுங்கையோடு ஊர் திரும்பிய பாட்டனாரைக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அப்படிப்பட்ட வீட்டுப் பெரியவர் ஒருவர் முன் அந்தக் கரிய கோட்டை வைத்துவிட்டு, விளக்கவுரை எதுவும் சொல்லாமல் விலகி இருக்கப் பிள்ளைகள் பழக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமைதான் இல்லை. படத்தைக் காட்டுமுன்பே பிரசங்கத்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

சென்னையில் இருப்போர் ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு மாலை பெரியவரை அழைத்துச் செல்லலாம். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் திரை நிறைய எழுத்துப் போன்ற குறிகள் இருக்கும். ஒன்றையும் படிக்க முடியாது. வாசிக்கத் தெரியாத அரபுத்தமிழ் ஏட்டைப் பாட்டியாரின் பெட்டியில் கண்டெடுத்தவருக்கு இது அந்நியமாயிராது. அங்கே ஐம்பது படங்களைக் காட்டிக் களைக்க வைக்காமல் இரண்டின் முன் உட்கார வையுங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று அவர் சொன்னால் வாதிடாதீர்கள். பிடிக்காமற்போக அவருக்கு உரிமையுண்டு. பாராமலே சிரிப்பதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

இவ்வளவும் எழுதக் காரணம் உண்டு. நம்மிடம் ஓதிய மாணவி ஒருத்தி சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள். தந்தையார் ஜவுளி வியாபாரி. அவளுக்குப் புத்தி சொல்லுமாறு நம்மிடம் வந்தார். புத்தி சொல்வதற்கு முன் அவள் வரைந்த நோட்டைக் காட்டச் சொன்னோம். ஒரு பக்கம் முழுவதும் படுக்கைக் கோடுகள். சில நெருக்கமாய், சில தளர்வாய், ஒன்றிரண்டு சரிந்து. "கிறுக்கல்" என்று சொல்ல வாயெடுத்தவர், சிறிது நேரம் பார்த்துவிட்டு, "மூன்றாம் தட்டில் வேட்டிக்கட்டு சரிந்திருக்கிறது" என்றார். அவருடைய கடையின் அலமாரிதான் அது. பெயரில்லை, உருவமில்லை, கோடுகளைக் கொண்டே கடையை அடையாளம் கண்டுகொண்டார். அவருக்கு நவீன ஓவியம் புரியாது என்று இனி எவரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

ஆயினும் கையொப்பமிடவில்லை. "பிழைப்புக்கு என்ன வழி, ஹஜ்ரத்?" என்றார். இது நியாயமான கேள்வி. இதற்குச் சிரிப்பும் பெருமூச்சும் விடையாகா. 1850இல் தோன்றிய அக்கல்லூரியில் ஜவுளி வடிவமைப்பும் ஒரு பிரிவாக உண்டு. சேலையின் முந்தானையைத் தீட்டித் தருபவருக்குத் தாம் ஆண்டுதோறும் எவ்வளவு கொடுக்கிறார் என்பதை அவரே அறிவார். மகள் விரும்புவதோ ஓவியப் பிரிவை. அதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிட்டோம்.