சைலன்சர் மாற்றப் போகும் பிள்ளைகளுக்கு



நம் பழைய மாணவர்களில் கார் வைத்திருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். ரொம்ப சந்தோஷம். அவர்களில் சிலருக்கு சைலன்சரை மாற்றி "சவுண்ட் ஏத்தணும்" என்று ஆசை. வேறு சிலர் அதை மாற்றித் தரும் பட்டறையே வைத்திருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் மாற்றுங்கள், நல்லதாகப் பார்த்து மாற்றுங்கள். சத்தத்துக்காக மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி.

சத்தம் கூடினால் காரின் சக்தியும் கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆறாம் வகுப்பில் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாலு சிலிண்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 3000 சுற்று. வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் வெடிக்கும். ஆக வினாடிக்கு 100 வெடிப்பு. அந்த 100 அடியும் குழாய் வழியாக வெளியே வருகிறது. சைலன்சரின் வேலை புகையை விட்டுவிட்டு அடியை மட்டும் மழுங்கடிப்பது. அடி மழுங்காமல் வெளியே வந்தால் சக்கரத்துக்கு ஒன்றும் கூடுதலாகப் போய்ச் சேரப்போவதில்லை. தெருவுக்குத்தான் போகும்.

மழுங்கடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஒலியலை சுவரில் மோதித் திரும்பி அடுத்த அலையை அடிக்கும்படி செய்வது. கம்பெனியிலிருந்து வருபவை பெரும்பாலும் இந்த வகை. இன்னொன்று, துளைத்துளையாக ஒரு நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு. வெளியே ஓர் உறை. "ஸ்ட்ரெயிட் த்ரூ" என்று விற்பது இதைத்தான். புதிதில் நன்றாகவே இருக்கும். போகப்போகப் பஞ்சு சூட்டில் பொடிந்து புகையோடு பறந்துவிடும். வாங்கும்போது கேட்ட சத்தம் இரண்டு வருஷம் கழித்து இருக்காது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அதனால் சைலன்சர் வாங்கப் போனால் பளபளக்கும் வால்முனையைப் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, பிரித்துப் பஞ்சு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். உள்ளே இருப்பதற்குத்தான் காசு.

அடுத்தது பைப். 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்கு இரண்டரை அங்குலக் குழாய் போட்டுக்கொண்டு வந்து காட்டினான் ஒரு பிள்ளை. முன்பிருந்தது ஒன்றே முக்கால் அங்குலம். விட்டம் கொஞ்சம்தானே கூடியிருக்கிறது என்கிறான். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்! போட்டுப் பாருங்கள், இரண்டு மடங்கு வரும். வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் கண்மாயில் விழுந்ததும் என்ன ஆகிறது? ஓட்டம் நின்றுவிடுகிறது. சூடான புகை வேகமாக வெளியேறினால்தான் பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் அகன்றால் வேகம் குறையும், மெதுவாகப் போகும்போது இழுவை குறையும். "எஞ்சினுக்கு பேக் பிரஷர் வேணும் சார்" என்று பட்டறையில் சொல்வார்கள். எஞ்சினுக்கு வேண்டியது அந்த அழுத்தம் அல்ல, வேகம்தான். எஞ்சினில் வேறு எதையும் மாற்றாதவர்கள் பழைய அளவையே போடுங்கள்.

வளைவுகளையும் கவனியுங்கள். குழாயை அழுத்தி வளைத்தால் அந்த இடத்தில் சப்பிப் போகும். உள்ளே அச்சு விட்டு வளைத்தால் வட்டம் வட்டமாகவே இருக்கும். கூலி கூடத்தான். ஆனால் காசைப் போட வேண்டிய இடம் அதுதான்.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் உப்புக்காற்று. சைலன்சர் வெளியிலிருந்துதான் அரிக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உள்ளிருந்தும் அரிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. காலையில் வண்டியைக் கிளப்பும்போது வால்குழாயில் சொட்டுவது அதுதான். தினமும் ஒரு கிலோமீட்டர் போய் வருகிற காரில் சைலன்சர் முழுதாகச் சூடாவதே இல்லை, தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். அடியில் சிறு துளை இருந்தால் ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வடிவதற்கென்றே அதை விட்டிருப்பார்கள். சாதா இரும்பைவிட அலுமினியம் பூசிய இரும்பு மேல், அதைவிட ஸ்டெயின்லெஸ். 304 ரகம் என்று விலை சொன்னால் ஒரு காந்தம் கொண்டு போங்கள். கெட்டியாக ஒட்டினால் அது 304 இல்லை. ஒட்டாததெல்லாம் 304 என்றும் நம்பிவிடாதீர்கள், மலிவான 201 ரகமும் ஒட்டாது.

இனி பட்டறைப் பிள்ளைகளுக்கு. சைலன்சரோடு சேர்த்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் வெட்டி எடுப்பது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அதற்குள் தேன்கூடு போன்ற அமைப்பில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறது. பழைய சரக்குக்கு நல்ல விலை கிடைக்கிறது, வண்டிக்காரருக்கு அது தெரிவதில்லை. கார்பன் மோனாக்சைடை ஆபத்தில்லாத வாயுவாக மாற்றுகிற பொருள் அது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கன்வெர்ட்டரையும் வெட்டி, இணைப்பிலும் கசிவு விட்டு, ஏ.சி. போட்ட காருக்குள் குடும்பத்தை ஏற்றி அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளரே கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள். அந்த வேலை போனால் போகட்டும்.

சட்டமும் சும்மா இல்லை. ஒலி, புகை அளவை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவுப்படி முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். லைசென்சும் மூன்று மாதத்துக்குப் போகும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளர் மீது 182ஏ பிரிவு தனி. புதிய கார் மாடலைச் சோதிக்கும்போது ஒலிக்கு உச்சவரம்பு 74 டெசிபல். அது 84 ஆனால் பத்துதானே கூடியது என்று நினைக்காதீர்கள், ஒலியின் செறிவு பத்து மடங்கு. என் அக்கா மகள் வீட்டுத் தெருவில் இரவு பதினொன்றரைக்கு அப்படி ஒரு கார் வருகிறது. அவள் கைக்குழந்தை தினமும் அந்நேரத்துக்குத் திடுக்கிட்டு எழுந்து அழுகிறது. அந்தக் காரை ஓட்டுகிறவனும் யாரோ ஒரு வாத்தியாரிடம் படித்தவன்தானே.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றிய பழைய ரப்பர் மாட்டிகளைத் திரும்பப் போடாமல் புதிது வாங்குங்கள். எஞ்சின் பக்கத்தில் இருக்கிற வளையும் குழாயை எடுத்துவிட்டு நேர்க்குழாயை வைத்து வெல்டிங் அடிக்க விடாதீர்கள். எஞ்சின் ஆடும்போது எங்கேயாவது விரிசல் விழும். வேலை முடிந்ததும் எஞ்சின் ஆறியிருக்கும்போது திறந்தவெளியில் கிளப்பி, வால்குழாயைத் தடித்த துணியால் ஒரு நொடி அடைத்து, ஒவ்வோர் இணைப்பிலும் காது கொடுத்துக் கேளுங்கள். எங்காவது 'புஸ்' என்று கேட்டால் காசு கொடுக்காதீர்கள், திரும்ப வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள்.